வைஃபை இல்லாத மடிக்கணினியில் பிட்காயின் வாலட்: 12 சொற்களை எங்கே, எப்படிப் பாதுகாப்பது?

வெள்ளாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டைப் பக்கம் மீன்வலையும் படகு உதிரிபாகங்களும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து, மிச்சம் பிடிக்க முடிந்த மாதங்களில் சிறுசிறு தொகைக்குப் பிட்காயின் வாங்கிச் சேர்த்து வருகிறேன். வாங்கியதை எல்லாம் முதலில், நாணயங்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்திருந்தேன். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோன செய்தியைப் படித்த பிறகு, என் கணக்கு அங்கே இல்லை என்றாலும், சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

ஆகவே இரண்டு மாதம் படித்துப் பார்த்து, பழைய மடிக்கணினி ஒன்றைத் திறந்து வைஃபை அட்டையைக் கழற்றி, லினக்ஸ் நிறுவி, அதில் எலக்ட்ரம் என்ற மென்பொருளில் வாலட்டை (பிட்காயினின் இரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பணப்பை) உருவாக்கினேன். அந்தக் கணினி அதன்பின் இணையத்தைத் தொட்டதே இல்லை. கடைக் கணினியில் அதே வாலட்டின், சாவி இல்லாத, பார்வைக்கு மட்டுமான நகல் இருக்கிறது. இருப்பை அங்கே பார்த்துக்கொள்வேன். எப்போதாவது அனுப்ப வேண்டியிருந்தால், பரிவர்த்தனையைப் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, கையொப்பமிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். இதுவரை அதில் ஒரு குறையும் இல்லை.

குறை நகலில்தான். வாலட்டை மீண்டும் உருவாக்கத் தேவைப்படும் சீட் சொற்கள் 12ஐயும் ஒரு நோட்டுத் தாளில் ஜெல் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எங்கள் ஊர் கடற்கரை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் ஓட்டுக்கூரை பாதி போனது. 2015 மழையில் பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர் ஏறி நிலப்பத்திரத்தின் முத்திரை மை கலங்கிவிட்டது. அதனால் இம்முறை மேல்தட்டில் வைத்தேன். அப்படியும் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தபோது உறையின் உட்பக்கம் வியர்த்திருந்தது. 7ஆவது சொல்லும் 11ஆவது சொல்லும் ஊதாக் கறையாகப் பரவியிருந்தன. முதல் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததில் 7ஆவது சொல்லைப் படித்துவிட்டேன், 11ஆவது சொல் இன்னும் உறுதியாகவில்லை.

மடிக்கணினி நன்றாக இயங்குகிறது என்பதால் பணம் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கணினி நாளைக்கே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. புதிய நகலை எதில் எழுதுவது, எத்தனை பிரதி வைப்பது? 6 சொற்களை என்னிடமும் 6 சொற்களைத் திருச்சியில் இருக்கும் தங்கையிடமும் வைக்கலாமா? கடவுச்சொல் போட்ட கோப்பாக இணையச் சேமிப்பில் ஒரு பிரதி வைப்பது தவறா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி இதை எப்படி எடுப்பார் என்பதும் என்னைக் குடைகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எழுத்தாணி எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அந்த நொடியிலிருந்து உங்கள் வாலட் இணையம் தொடாத வாலட் இல்லை. இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை எடுத்த படத்தைத் தாமாகவே இணையச் சேமிப்புக்கு ஏற்றிவிடுகின்றன. அழித்த படமும் அங்குள்ள குப்பைத்தொட்டியில் பல வாரங்கள் தங்குகிறது. படத்தில் இருக்கும் எழுத்துகளை இயந்திரமே படித்துத் தேடித்தரும் வசதியும் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தார்கள். அது கைப்பேசிப் படத்தொகுப்பில் உள்ள படங்களைப் படித்து, சீட் சொற்கள் இருக்கும் படங்களைப் பொறுக்கி அனுப்புவதற்கென்றே எழுதப்பட்டது. கூகுள், ஆப்பிள் இரண்டின் செயலிக் கடைகளிலும் இருந்த செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. உங்கள் கைப்பேசியில் அப்படி ஏதும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உங்களாலும் என்னாலும் நிரூபிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

ஆகவே பழைய 12 சொற்களுக்கு நல்ல நகல் செய்வது இப்போது உங்கள் வேலை அன்று. அதே மடிக்கணினியில் புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அதன் சொற்களுக்கு நகல் எடுத்து, அந்த நகலைச் சோதித்து, பிறகு முழு இருப்பையும் புதிய வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள். வரிசை மிக முக்கியம்: சோதித்த பிறகுதான் மாற்ற வேண்டும். பழைய சொற்களையும் எறிந்துவிடாதீர்கள். பழைய முகவரிக்கு எப்போதாவது யாராவது அனுப்பினால் அதை எடுக்க அவை வேண்டும். எலக்ட்ரத்தில் வாலட் பட்டியலில் சீட் என்ற இடத்தைத் தேர்ந்து கடவுச்சொல் கொடுத்தால் பழைய சொற்கள் திரையில் தெரியும். 11ஆவது சொல்லை அங்கிருந்தே எழுதிக்கொள்ளலாம். கணினி நின்றிருந்தாலும்கூட இரண்டு சொற்கள் மட்டும் தெரியாத நிலை மீட்கக்கூடியதே. சீட் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 2,048 ஆங்கிலச் சொற்கள் உள்ளன. இரண்டு இடத்துக்கும் சேர்த்து 41,94,304 வாய்ப்புகள்தான், அவற்றை இணையம் இல்லாத கணினியே ஓட்டிப் பார்த்துவிடும். ஆனால் மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் எந்த இணையப் பக்கத்திலும் ஒரு சொல்லைக்கூடத் தட்டாதீர்கள். இந்த இழையைப் பார்த்துவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பி உதவ முன்வருபவர்களுக்கும் பதில் சொல்லாதீர்கள், நான் உட்பட.

இனி, எதில் எழுதுவது. பெரும்பாலான ஜெல் பேனா மை நீரில் கரைவது. பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை என்பதால் அதைவிடத் தாங்கும். பென்சிலின் கரியோ கரைவதே இல்லை. ஆனால் தாள் தாள்தான். நம் முன்னோர் பனையோலையில் மையால் எழுதவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறிவிட்டுப் பிறகு கரியைத் தடவினார்கள். கரி போனாலும் கீறல் இருக்கும், மறுபடி தடவினால் எழுத்து தெரியும். உங்களுக்கு வேண்டியதும் அதுவே: எழுத்து பொருளின் மேல் ஒட்டியிருக்கக் கூடாது, பொருளுக்குள் பள்ளமாக இருக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகுத் தகடு, 2 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கை அளவு. லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். 304 ரகம் போதும். நீங்கள் உப்புக்காற்றில் இருப்பதால் 316 கிடைத்தால் இன்னும் நல்லது. எஃகு உருகச் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும், சாதாரண வீட்டுத் தீ அவ்வளவு போகாது. அலுமினியத் தகடு வேண்டாம், அது 660 டிகிரியில் உருகிவிடும். 3 மில்லிமீட்டர் ஆங்கில எழுத்துப் பஞ்ச் (சுத்தியலால் அடித்து எழுத்தைப் பதிக்கும் உளி) செட் இரும்புக்கடையில் கிடைக்கும். பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தருவதைப் போல இதையும் வெட்டித் தரச் சொல்லலாமே என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களைத் தவிர யாரும் அந்தச் சொற்களைப் பார்க்கக் கூடாது.

முழுச் சொல்லையும் அடிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்காதபடி அமைத்திருக்கிறார்கள். ஆனால் நான்காவது எழுத்தில் மட்டும் வேறுபடும் சொற்கள் உண்டு: வைன், விங், விங்க் (wine, wing, wink) என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றெழுத்துச் சொல்லானால் நான்காம் இடத்தில் ஒரு கோடு போடுங்கள்; இல்லாவிட்டால் எழுத்து விட்டுப்போனதா, சொல்லே அவ்வளவுதானா என்று பத்து ஆண்டு கழித்து நீங்களே குழம்புவீர்கள். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் அடித்துப் பழகுங்கள். பஞ்சை நிமிர்த்திப் பிடித்து ஒரே அடி அடிக்க வேண்டும். இரண்டாவது அடி சற்று நகர்ந்து விழுந்தால் எழுத்து இரட்டையாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் 1 முதல் 12 வரை எண் இடுங்கள். தகட்டின் பின்புறத்தில் எலக்ட்ரம் என்ற பெயரையும் ஆண்டையும் அடியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எலக்ட்ரத்தின் சீட் வேறு வாலட்டுகள் பின்பற்றும் பிப்39 முறையைச் சேர்ந்ததன்று. சொற்கள் ஒரே பட்டியலிலிருந்து வந்தாலும் பெரும்பாலான மற்ற வாலட்டுகள் அதைத் தவறான சீட் என்று தள்ளிவிடும். உங்கள் மனைவி அதைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது.

தங்கையிடம் பாதி வைக்கும் யோசனை வேண்டாம். இரண்டு பாதியில் எது தொலைந்தாலும் முழுவதும் போய்விடும். ஆக, உங்கள் வீட்டு வெள்ளத்தோடு திருச்சி வீட்டின் இடர்களையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். பாதுகாப்பும் பாதியாகக் குறைவதில்லை, அதைவிட மோசமாகச் சரிகிறது. ஒரு சொல்லுக்கு 11 பிட் (ஒவ்வொரு பிட்டும் தேடும் வேலையை இரட்டிப்பாக்கும்) என்பதால், பாதியைப் பார்த்தவனுக்கு மீதி வெறும் 66 பிட் வேலைதான். மூன்று அட்டையில் எட்டெட்டுச் சொற்களாக எழுதி எந்த இரண்டு கிடைத்தாலும் போதும் என்று செய்யும் முறையும் உண்டு. 12 சொற்களுக்கு அது இன்னும் ஆபத்து, ஏனெனில் ஓர் அட்டை கிடைத்தவனுக்குத் தெரியாதவை 4 சொற்கள், அதாவது 44 பிட், அதைக் கணினி முட்டி உடைத்துவிடும். முழுமையான இரண்டு தகடுகள், இரண்டு ஊர்களில். அவ்வளவே என் ஆலோசனை.

இப்போது ஒத்திகை. எவ்வளவு நல்ல தகடாக இருந்தாலும், அதிலிருந்து ஒருமுறை வாலட்டை மீட்டுப் பார்க்காதவரை அது நகல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிய வாலட்டின் முதல் முகவரியை ஒரு தாளில் எழுதிவையுங்கள், அது இரகசியமன்று. பிறகு அதே மடிக்கணினியில் எலக்ட்ரத்தில் இன்னொரு வாலட் கோப்பைத் தொடங்கி, ஏற்கெனவே சீட் இருக்கிறது என்பதைத் தேர்ந்து, தாளையோ நினைவையோ பார்க்காமல் தகட்டை மட்டும் பார்த்துத் தட்டுங்கள். முதல் முகவரி எழுத்துக்கெழுத்து ஒத்தால் தகடு சரி. இரண்டு தகடுகளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அதற்குப் பிறகு சிறு தொகையை அனுப்பி, மீட்ட வாலட்டிலிருந்தே கையொப்பமிட்டு வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மாற்றுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு முரண்பாடு இல்லை. கடவுச்சொல் போட்ட கோப்பைப் பற்றியும், மனைவி எப்படி எடுப்பார் என்பதைப் பற்றியும் எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா 2021இல் திடீரென்று காலமானார். கணக்கு வழக்கில் மிகத் தெளிவானவர். டைரியில் 24 சொற்களையும், எந்தச் செயலி என்பதையும், ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்பதையும் எழுதி வைத்திருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் இணையம் இல்லாத கணினியில் மீட்டேன். ஒரு பிழையும் காட்டாமல் வாலட் திறந்தது, இருப்பு பூஜ்யம். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அத்தை அழுதார். அந்த முகவரிகளுக்கு எந்தக் காலத்திலும் ஒரு பைசாகூட வந்ததில்லை என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: மாமா சீட் சொற்களோடு பாஸ்ஃபிரேஸ் என்ற கூடுதல் இரகசியச் சொல்லையும் சேர்த்திருக்கிறார்.

பாஸ்ஃபிரேஸின் இயல்பு பலருக்குத் தெரிவதில்லை. அதில் தவறான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு வாலட் திறக்கும்; ஒரு பெரிய எழுத்து, ஓர் இடைவெளி மாறினாலும் வேறு வாலட், அதுவும் வெறுமையான வாலட். டைரியை முழுவதும் படித்ததில் முதல் பக்கத்தின் தலைப்பில் ஸ்ரீ என்று தொடங்கும் குலதெய்வத்தின் பெயர் இருந்தது. அதைத் தட்டினேன், பூஜ்யம். இடைவெளி விட்டும் விடாமலும் தட்டினேன், பூஜ்யம். ஏறத்தாழ மூன்று மாதம் அதை விட்டுவிட்டு வேறு எதையெல்லாமோ தேடினோம். கடைசியில் மாமாவின் பழைய கைப்பேசிக்கு மின்னேற்றி, அதன் விசைப்பலகையிலேயே அதே பெயரைத் தட்டிப் பார்த்தபோது வாலட் திறந்தது.

காரணம் எழுத்துக் குறியீட்டில் இருந்தது. திரையில் ஸ்ரீ என்று ஒரே மாதிரி தெரியும் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு முற்றிலும் வேறு. பிப்39 முறை யூனிகோடைச் சீர்படுத்திய பிறகே கணக்கிடுகிறது. ஆனால் அந்தச் சீர்படுத்தல் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. ஔகாரக் குறியை முறையாக இடுவதற்கும், அதே தோற்றத்துக்காக ஒற்றைக்கொம்பு இட்டு ளகரத்தைச் சேர்ப்பதற்கும் இதே கதைதான். தமிழில் பாஸ்ஃபிரேஸ் வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பணத்தைப் பூட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சாதாரண ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் வையுங்கள், இல்லையேல் பாஸ்ஃபிரேஸே வேண்டாம். வெள்ளாறு அவர்களின் நிலைக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

இணையச் சேமிப்பில் கடவுச்சொல் போட்ட கோப்பு வைத்தாலும் இதே இடர்தான். சொற்களைக் காக்கும் வேலை கடவுச்சொல்லைக் காக்கும் வேலையாக மாறுகிறது, அவ்வளவே. ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளர் 7,002 பிட்காயினின் சாவியை அயர்ன்கீ என்ற பூட்டுள்ள பென் டிரைவில் வைத்துவிட்டு, அதன் கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். பத்து முறை தவறினால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல் செய்தி வெளிவந்தபோது எட்டு வாய்ப்புகளைச் செலவழித்திருந்தார். கள்வனுக்குப் பயந்து போட்ட பூட்டு உரிமையாளரையே வெளியே நிறுத்திவிட்டது.

மனைவிக்காக ஒரு கடிதம் எழுதுங்கள். சொற்களை அதில் எழுத வேண்டாம். என்ன இருக்கிறது, எந்த மென்பொருள், தகடுகள் எங்கே, முதல் முகவரி எது, யாரிடம் உதவி கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பதை உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். வாங்கிய தேதி, விலைக்கான ரசீதுகளையும் அதோடு வையுங்கள். நம் வருமானவரிச் சட்டத்தில் 30 சதவீத வரிக்கு முன் கழிக்க முடிந்தது வாங்கிய விலை ஒன்றுதான். ரசீது இல்லாமல் அவர் அதை நிறுவுவது கடினம். கடிதம் எழுதியதோடு நிற்காமல், ஒத்திகையை ஒருமுறை அவர் கையால் செய்யச் சொல்லுங்கள். அத்தை அன்று என் பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வெள்ளாறு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுத்தாணி அவர்கள் சொன்னதைப் படித்ததும் கடைக்குப் போய்க் கணினியில் என் இணையச் சேமிப்புக் கணக்கைத் திறந்தேன். கைப்பேசியில் நான் எடுத்த அந்தப் படம் அங்கேயும் இருந்தது. ஊதாக் கறையோடு 12 சொற்களும் பெரிய திரையில் தெரிந்தன. கடைப் பையன் தினமும் அமரும் கணினி அது. கை நடுங்கிவிட்டது. அன்றிரவே புதிய வாலட்டை உருவாக்கிவிட்டேன். தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் மூன்று ஐயங்கள். இரண்டாவது தகட்டைத் தங்கை வீட்டில் வைப்பதா, வங்கி லாக்கரில் வைப்பதா? பழைய மடிக்கணினிக்குப் பதில், சாவியை வைப்பதற்கென்றே விற்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்கினால் பாதுகாப்பு கூடுமா? என் தம்பியிடம் 2014இல் பிட்காயின் கோர் மென்பொருளில் உருவாக்கிய வாலட் கோப்பு ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அவன் அதை அப்போது எடுத்த நகல் என்கிறான். இன்றும் அது போதுமா?

மூன்றாம்சாவி எழுதியது:

தம்பியின் கோப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் அவசரம். 2016 ஆகஸ்டில் வந்த 0.13 பதிப்புக்கு முன் பிட்காயின் கோர் வாலட்டில் ஒரே விதையிலிருந்து, அதாவது சீட்டிலிருந்து, எல்லாச் சாவிகளும் பிறக்கும் முறை இல்லை. தனித்தனிச் சாவிகள் 100ஐ முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் மீதிச் சில்லறை அந்தக் குவியலில் உள்ள ஒரு புதிய சாவிக்குப் போகும். ஆகவே நகல் எடுத்த பிறகு அவர் 100க்கும் மேல் சாவிகளைப் பயன்படுத்தியிருந்தால், அந்தக் கோப்பில் இல்லாத சாவியில் பணம் இருக்கக்கூடும். இந்தக் குவியல் ஏற்பாடே வருவதற்கு முன், 2010இல், ஒருவர் தன் 9,000 பிட்காயினில் ஒன்றை மட்டும் தனக்கே அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999 நகலில் இல்லாத சில்லறைச் சாவிக்குப் போய் அப்படியே தொலைந்தது. தம்பி மிகக் குறைவாகவே அனுப்பியிருந்தால் கவலை இல்லை. ஆனால் பென் டிரைவின் நினைவகம் மின்னேற்றத்தை நம்பி நிற்பது. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்தால் அந்த ஏற்றம் கசியும். இந்த வாரமே கோப்பை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள், பிறகு சீட் உள்ள வாலட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

லாக்கரைப் பொறுத்தவரை, அது நல்ல இடம். ஆனால் ஒரே இடமாக இருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்குப் பொதுவாகப் பொறுப்பே இல்லை. உங்கள் கடற்கரை ஊரின் தரைத்தளத்தில் இருக்கும் வங்கியானால், உங்கள் வீட்டுக்கு வரும் அதே வெள்ளம் அங்கும் வரும். எஃகு நனைவதால் கெடாது என்றாலும், நான் என்றால் லாக்கரைத் திருச்சியில் எடுப்பேன். நாமினியாக மனைவியின் பெயரைக் கொடுப்பேன். தங்கை வீடும் சரிதான், அதை என்னவென்று அவரிடம் சொல்லிவைத்தால். சொல்லாமல் வைத்த பொருள் போகிக்கு முந்தைய நாள் பழைய சாமானோடு வெளியே போய்விடும். வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் 2013இல் இழந்ததும் இப்படித்தான். சுமார் 8,000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் வீட்டைத் துப்புரவு செய்தபோது குப்பைமேட்டுக்குப் போனது. தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஹார்டுவேர் வாலட் வசதியானது. அனுப்பப்போகும் முகவரியைச் சிறு திரையில் காட்டி ஒப்புதல் கேட்பதும், பென் டிரைவ் தூக்கித் திரிய வேண்டாததும் பெரிய நன்மைகள். ஆனால் அது தகட்டுக்கு மாற்று அன்று. 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், ட்ரெசர் என்ற ஹார்டுவேர் வாலட் கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் அதன் சீட் சொற்களைப் பிரித்தெடுக்க முடியும் என்று செய்து காட்டியது. அதே 2020இல், இத்தகைய கருவிகளை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. மறு ஆண்டு சிலருடைய வீட்டுக்கே போலிக் கருவிகள் தபாலில் வந்தன. வாங்கினால் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டையோடு எந்தக் கருவி வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

எழுத்தாணி எழுதியது:

ஹார்டுவேர் வாலட் விஷயத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். வெள்ளாறு அவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் அனுப்புகிறார். இப்போதைய ஏற்பாட்டை நன்கு அறிந்திருக்கிறார். அறிந்த முறையை விட்டு அறியாத முறைக்கு இந்தப் பதற்றத்தில் மாறுவது புதிய தவறுகளுக்கு வழி. மடிக்கணினி தன் ஆயுளை முடிக்கும்போது யோசிக்கட்டும். கடைக் கணினியின் எலக்ட்ரம் மட்டும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கியதா, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் பழைய எலக்ட்ரம் பதிப்புகளில், புதிய பதிப்பை இறக்குங்கள் என்று போலிச் செய்தி காட்டிப் பலரின் நாணயங்களைப் பறித்தார்கள். மென்பொருளுக்குள் தோன்றும் இணைப்பை அழுத்திப் புதுப்பிக்கும் வழக்கம் கூடாது.

வெள்ளாறு எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். 316 ரகத் தகடு இரண்டு கிடைத்தது. அம்மிக்கல்லின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, ஞாயிறு பிற்பகலில் உட்கார்ந்து அடித்தேன். முதல் தகட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, இரண்டாவது ஒரு மணியில் முடிந்தது.

ஒத்திகையில் முதல் தகடு உடனே ஒத்தது. இரண்டாவது தகட்டைப் பார்த்துத் தட்டியபோது, 12 சொற்களும் பட்டியலில் உள்ளவையாகவே இருந்தும், அடுத்து என்ற பொத்தான் உயிர்பெறவில்லை. சாய்வாக வெளிச்சம் காட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், ஒரு சொல்லின் நான்காம் எழுத்துக்கு வேறு பஞ்சை எடுத்து அடித்திருந்தது தெரிந்தது. எந்தச் சொல் என்று இங்கே எழுதவில்லை. அந்தத் தகட்டை அரத்தால் முழுவதும் தேய்த்து அழித்துவிட்டுப் பின்பக்கத்தில் புதிதாக அடித்தேன்; இப்போது அதுவும் ஒத்துவிட்டது. சிறு தொகையை அனுப்பித் திரும்ப எடுத்துப் பார்த்தபின் மிச்சத்தை இரண்டு நாளில் மாற்றிவிட்டேன். தம்பியும் தன் கோப்பைத் திறந்தான். மொத்தம் ஏழு முறைதான் அனுப்பியிருந்தான், எல்லாம் அப்படியே இருந்தது.

இரண்டாவது தகட்டை நேற்றுத் திருச்சிக்குக் கொண்டுபோனேன். தங்கையிடம் விவரத்தைச் சொல்லி, அவள் பெயரிலேயே உள்ள லாக்கரில் இருவரும் சேர்ந்து போய் வைத்தோம். கடிதத்தை நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். முந்தாநாள் இரவு என் மனைவி கடிதத்தையும் முதல் தகட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, நான் பக்கத்து அறையில் இருக்க, தனியாக வாலட்டை மீட்டார். இரண்டு இடத்தில் கடிதம் புரியவில்லை என்று குறித்துக் கொடுத்தார். ஒன்று, எலக்ட்ரத்தில் கோப்புக்கு வைக்கும் கடவுச்சொல்லும் சீட் சொற்களும் வேறுவேறு என்பதை நான் சொல்லாமல் விட்டது, மற்றொன்று என் கையெழுத்து. இரண்டையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஒத்திகையைப் போகிக்கு முந்தைய ஞாயிறு வைத்திருக்கிறோம்.